1928 லண்டன் கொலைக் கதை: கொலைகாரனின் போன் சாக்கை உடைக்க ஒரு தடயம் வேண்டும்

நண்பர்களே, ஜாலியான ஒரு துப்பறியும் கதை எழுதுகிறேன், மூன்று வாரமாகக் கடைசி அத்தியாயத்தில் நிற்கிறது. களம் லண்டன், 1928. பணக்கார இளசுகள் ராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கப் புதையல் வேட்டை ஆடிய காலம். அப்படி ஒரு வேட்டை முடிந்து எல்லோரும் திரும்பினால், விருந்து கொடுத்த சீமாட்டி பியானோவுக்கு அடியில் இறந்து கிடக்கிறாள், கையில் பாதி கடித்த ஆலிவ். துப்பறிபவள் தொப்பி தைக்கும் ஒரு பெண்.

கொலைகாரன் பதினொரு மணிக்குத் தன் அறையிலிருந்து நண்பனுக்கு போன் செய்ததாகச் சொல்கிறான், உண்மையில் பேசியது சீமாட்டி வீட்டிலிருந்து. அவன் அறை, நண்பன் இடம், சீமாட்டி வீடு மூன்றும் ஹோல்போர்ன் தொலைபேசி இணைப்பகம். ஆபரேட்டரைச் சாட்சியாக்கலாம் என்று பார்த்தால், அது 1927 நவம்பரிலேயே தானியங்கியாகிவிட்டது! கைரேகை வைத்தேன், அடிக்கடி வந்துபோகிறவன் என்பதால் நிற்கவில்லை. உடைந்த கடிகாரம் ரொம்பப் பழசு. அப்புறம் வேலைக்காரர் பார்த்ததாக எழுதினேன், துப்பறிபவளுக்கு வேலையே இல்லாமல் போனது.

போனில் அந்த நண்பன் காதில் விழுந்த எந்தச் சத்தம் இவனைக் காட்டிக்கொடுக்கலாம்?