ஏழாம் லயம் குடும்பம் (எங்கள் குடும்பச் செய்திக் குழு): அம்மாவின் பாரிஸ் பயணம்

வெள்ளி, மாலை 6.40

அக்கா (பாரிஸ்): பிரசவம் ஜனவரி கடைசி வாரம் என்று டாக்டர் தேதி சொல்லிவிட்டார். அம்மா 5ஆம் தேதியாவது இங்கே வந்து இறங்க வேண்டும். தம்பி, விசா வேலையை இனியும் இழுக்காதே.

நான்: இழுக்கவில்லை அக்கா. நேற்று டவுனில் ஒரு விசா ஏஜென்சியில் விசாரித்தேன். விசாப் பாரம் (படிவம்) நிரப்ப ஒரு காசு, "கதைத்துப் பார்க்க" தனியாக ஒரு காசு. என்ட்ரி, அதாவது உள்ளே போகும் தடவை, எத்தனை போடுவது என்று கேட்டால், வயதான அம்மாதானே, சிங்கிள் போதும் என்கிறார்கள்.

லண்டன் சித்தி: சிங்கிளா? அப்போ நம்ம பையன் கல்யாணம்? பெப்ரவரி 28. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. என் அக்கா, உங்கம்மா, இல்லாமல் மணவறையில் நான் நிற்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அக்கா (பாரிஸ்): சித்தி, அம்மா கல்யாணத்துக்கு வருவார். 20ஆம் தேதி ரயிலில் அனுப்புகிறேன். மார்ச் 6ஆம் தேதி திருப்பி அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகும் எனக்கு ஆள் வேண்டும்.

கொழும்பு மாமா: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மல்டிபிள் போடு. மல்டிபிள் என்றால் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் புதிதாக 90 நாள். லண்டனில் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். உங்கம்மா ஆறு மாதம் ஆறுதலாக இருந்துவிட்டு வரலாம்.

பெரியப்பா: நல்ல யோசனையாக இருக்கிறதே.

தர்ஷி (கண்டி): அப்பா, தயவு செய்து அந்த மெசேஜை டிலீட் பண்ணுங்கள்.

கொழும்பு மாமா: ஏன்மா?

தர்ஷி (கண்டி): தப்பு என்பதால்தான். எங்கள் டிக்கெட் ஆபீசில் வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கதையோடு வருகிறார்கள். எத்தனை தடவை உள்ளே போகலாம் என்பது ஒரு கேள்வி. மொத்தம் எத்தனை நாள் இருக்கலாம் என்பது வேறு கேள்வி. மல்டிபிள் என்பது முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். ஷெங்கன் விசாவில் (பாரிஸுக்கு எடுப்பது, பல ஐரோப்பிய நாட்டுக்கும் பொதுவானது) எத்தனை தடவை போய் வந்தாலும், எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. லண்டனில் டீ குடித்தால் தாகம்தான் தீரும்.

லண்டன் சித்தி: தர்ஷி சொல்வது சரி. இங்கே எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, ஊரிலிருந்து சிங்கிள் என்ட்ரியில் பாரிஸ் வந்தவர், ஒரு கல்யாணத்துக்கென்று லண்டன் வந்தார். திரும்பிப் போகும்போது செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். ரயில் ஏறும் முன்னாலேயே பிரெஞ்சு போலீஸ்தான் அங்கே பாஸ்போர்ட் பார்ப்பது. விசாவில் தேதி இன்னும் இருபது நாள் மிச்சம் இருந்தது. ஆனால் உள்ளே போகிற ஒரு தடவையும் முடிந்துவிட்டது. பெரிய சூட்கேஸ் பாரிஸில், மனுஷி லண்டனில். ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டும் பாரிஸிலிருந்து. எல்லாம் போச்சு. புதிதாக டிக்கெட் போட்டு இங்கிருந்தே கொழும்புக்கு ஏற்றினோம்.

நான்: நல்லவேளை, ஏஜென்சிக்காரரிடம் காசு கட்டவில்லை.

பெரியப்பா: எனக்கு ஒரு சந்தேகம். உங்கம்மா கல்யாணத்தை முடித்துக்கொண்டு லண்டனிலிருந்தே நேராக ஊருக்கு வந்தால்?

தர்ஷி (கண்டி): அப்படி என்றால் சிங்கிளே போதும் பெரியமாமா. பாரிஸுக்குள் ஒரு தடவை, வெளியே ஒரு தடவை, முடிந்தது. பயணத்தின் வரிசையை மாற்றினாலே பாதிப் பேருக்கு மல்டிபிள் தேவைப்படாது. இதை யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் சொல்வதும் இல்லை.

அக்கா (பாரிஸ்): எனக்கு மார்ச்சில்தான் ஆள் வேண்டும் பெரியப்பா. என் வீட்டுக்காரருக்கு லீவு பெப்ரவரி நடுவில் முடிகிறது. கைக்குழந்தையோடு தனியாக எப்படி?

பெரியப்பா: சரி சரி, கேட்டுப் பார்த்தேன். உன் பெரியம்மா நாலு பிள்ளையையும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டு கொழுந்து கிள்ள மலைக்குப் போனாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அக்கா (பாரிஸ்): சொல்லிவிட்டீர்களே.

வெள்ளி, இரவு 8.15

அம்மா: (குரல் செய்தி, 1 நிமிடம் 52 வினாடி)

நான்: கேட்க முடியாதவர்களுக்கு எழுதிப் போடுகிறேன். தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறார், பாதி காற்றுச் சத்தம். அம்மா கேட்பது மூன்று. ஒன்று, விசாவுக்கு வீட்டு உறுதி (சொத்துப் பத்திரம்) கேட்பார்களாமே, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுக்கு ஏது உறுதி? இரண்டு, ஒரே நேரத்தில் இரண்டு நாட்டுக்கு விசா கேட்டால் சந்தேகப்பட மாட்டார்களா? மூன்று, சுவிஸில் இருக்கும் செல்லம்மா மகளையும் பார்க்க வேண்டும், அதற்கு மூன்றாவது விசாவா?

தர்ஷி (கண்டி): கடைசியிலிருந்து வருகிறேன். அத்தை, சுவிஸ் ஷெங்கனுக்குள்தான். ஜெர்மனி, இத்தாலியும் அப்படித்தான். இப்போது மொத்தம் 29 நாடு. பாரிஸிலிருந்து சுவிஸ் போய் வந்தால் வெளியே போனதாகக் கணக்கில்லை, என்ட்ரி குறையாது. ஆனால் அங்கே இருக்கும் நாளும் இந்த 90க்குள்தான் விழும். லண்டன் மட்டும் தனி விசா, தனிக் கணக்கு. அங்கே சாதாரண விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வரை இருக்கலாம், அந்தக் காலத்துக்குள் போய் வரவும் தடையில்லை. இரண்டு வருடம், ஐந்து, பத்து வருடத்துக்கும் கொடுக்கிறார்கள், காசுதான் கூட. அதிலும் ஒரு தடவைக்கு ஆறு மாதத்துக்கு மேல் நிற்க முடியாது. அடிக்கடி போய் அங்கேயே குடியிருப்பது போல நடந்தால் பிரச்சினை.

கொழும்பு மாமா: இது உண்மை. கனடாவில் எனக்கு நடந்தது. பாஸ்போர்ட் முடியும் வரை, பல வருடத்துக்கு மல்டிபிள் கொடுத்தார்கள். அத்தனை வருடமும் அங்கே இருக்கலாம் என்று நினைத்து இங்கே ஆட்டோவைக் கூட விற்றுவிட்டுப் போனேன். ஏர்போர்ட்டில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, ஆறு மாதம் சார் என்றாள்.

தர்ஷி (கண்டி): இதை வீட்டில் ஒருநாளும் சொல்லவில்லையே அப்பா! ஆட்டோ எஞ்சின் போய்விட்டது என்றுதானே சொன்னீர்கள்?

கொழும்பு மாமா: எஞ்சினும் போயிருந்தது.

தர்ஷி (கண்டி): உறுதி விஷயம். உறுதி இல்லை என்று யாரும் கதவைச் சாத்துவதில்லை அத்தை. திரும்பி வருவீர்கள் என்று அவர்கள் நம்ப வேண்டும், அவ்வளவுதான். உங்கள் ஈபிஎஃப் (சேமலாப நிதி) எடுத்த கடிதம், பேங்க் புத்தகத்தின் கடைசி மாதங்கள், உங்கள் மகன், அத்தானின் ஸ்கூல் சம்பளக் கடிதம், அவர் குடும்பத்தோடு நீங்கள் இருப்பதற்கான கிராம சேவகர் சான்று, இதையெல்லாம் சேர்த்து வைப்போம். இல்லாத உறுதிக்குப் பதிலாக யாராவது தயாரித்துத் தருகிறேன் என்று வந்தால் அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நான்: டவுனில் அதற்கும் ஒரு ரேட் சொன்னார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை.

தர்ஷி (கண்டி): இரண்டு விசா கேட்பது சந்தேகம் இல்லை, அதுதான் நம் காரணமே. பாரத்தில் எத்தனை என்ட்ரி வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கிறது: ஒன்று, இரண்டு, பல. நாம் இரண்டு கேட்போம். முதல் தடவை பாரிஸ், கல்யாணம் முடிந்து இரண்டாம் தடவை பாரிஸ். கல்யாணக் கார்டு, சித்தியின் அழைப்புக் கடிதம், லண்டன் விசா முதலில் வந்தால் அதன் பிரதி. ஒரே பக்கத்தில் தேதி வாரியாக ஒரு கடிதம். கேட்கும் காரணத்தைக் காகிதத்தில் காட்டினால் கேட்டது கிடைக்க வாய்ப்பு அதிகம். சும்மா "பல" என்று டிக் போட்டால் சிங்கிளைக் கொடுத்து அனுப்பவும் செய்வார்கள்.

கொழும்பு மாமா: ஐந்து வருட மல்டிபிள் கேட்டால் என்ன? கேட்பதற்குக் காசா?

தர்ஷி (கண்டி): அத்தை இதுவரை ஷெங்கன் பக்கமே போனதில்லை அப்பா. பொதுவாக, இரண்டு வருடத்துக்குள் மூன்று விசா ஒழுங்காகப் பாவித்தவருக்கு ஒரு வருட மல்டிபிள், அதையும் ஒழுங்காகப் பாவித்தால் இரண்டு வருடம், அப்புறம்தான் ஐந்து. படி ஏறுவது போல. முதல் படியில் நின்று மேல்மாடிச் சாவி கேட்க வேண்டாம்.

அக்கா (பாரிஸ்): நான் இங்கே மேரிக்கு (நகரசபை அலுவலகம்) போய் வந்தேன். அம்மா எங்கள் வீட்டில் தங்குவதற்கு அவர்கள் ஒரு பத்திரம் தர வேண்டும். முத்திரைக்கு 30 யூரோ. வாடகைப் பத்திரம், கரண்ட் பில், சம்பளச் சீட்டு எல்லாம் பார்த்தார்கள். நான் ஜனவரி 5 முதல் பெப்ரவரி 20 வரை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தப்பா?

தர்ஷி (கண்டி): அண்ணி! மார்ச்சில் திரும்பி வந்து தங்கும் நாளும் அதில் வர வேண்டும். அந்தத் தாளில் பெப்ரவரியோடு முடிந்தால், இரண்டாம் தடவை எங்கே தங்கப் போகிறார் என்று கேட்பார்கள். நாளைக்கே போய் மாற்றிக் கேளுங்கள். பயண மருத்துவ இன்ஷூரன்ஸும் 30,000 யூரோவுக்குக் குறையாமல், இரண்டு தடவைக்கும் சேர்த்து எடுக்க வேண்டும்.

அக்கா (பாரிஸ்): இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அந்தப் படி. சரி.

சனி, காலை 6.05

பெரியப்பா: (படம்: ரோஜாப்பூ, காலை வணக்கம்)

பெரியப்பா: ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவனுக்கு இந்த 90, 180 பிடிபடவில்லை என்றால் வெட்கம். பழைய செக்ரோல் புத்தகத்தில் (தோட்டத்தில் வேலைநாள் பதியும் புத்தகம்) ஒரு பக்கம் கோடு போட்டுப் பார்த்தேன். தர்ஷி, சரியா என்று சொல். வந்து இறங்கும் நாள் ஒரு பேர், அதாவது செக்ரோலில் ஒரு நாள் கணக்கு. ஏறிப் போகும் நாளும் ஒரு பேர்.

தர்ஷி (கண்டி): சரி பெரியமாமா. இரண்டு நாளும் முழுசாக விழும்.

பெரியப்பா: அரைப் பேர் கிடையாது?

தர்ஷி (கண்டி): கிடையாது. ராத்திரி பதினொன்றரைக்கு இறங்கினாலும் முழு நாள்.

பெரியப்பா: இதைப் பார். நம்ம ஜனங்கள் நாள் முழுக்க மழையில் நின்று கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர் போட்டார்கள். அங்கே அரை மணி நேரத்துக்கு முழுப் பேர் போடுகிறார்கள். அந்தத் துரை இந்தத் தோட்டத்துக்கு வந்திருக்கலாம்.

நான்: பெரியப்பா, கணக்கு.

பெரியப்பா: வருகிறேன். ஜனவரியில் 5லிருந்து 31 வரை 27. பெப்ரவரியில் 20. மொத்தம் 47 பேர். லண்டன் வேறு தோட்டம், அங்கே நிற்கும் நாளுக்கு இந்தச் செக்ரோலில் பேர் விழாது. மார்ச் 6ஆம் தேதி திரும்பும்போது 43 மிச்சம். மார்ச்சில் 26, ஏப்ரலில் 17. ஆக ஏப்ரல் 17 ராத்திரிக்குள் உங்கம்மா பிளேனில் இருக்க வேண்டும். சரியா?

தர்ஷி (கண்டி): அப்படியே சரி. நான் ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இருக்கும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், அதே பதில்தான். ஒரே ஒரு விஷயம்: இது 90 நாளும் கொடுத்தால். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஸ்டிக்கரில் மூன்று இடம் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எது வரை, எத்தனை என்ட்ரி (01, 02, அல்லது மல்ட் என்று இருக்கும்), எத்தனை நாள். கடைசித் தேதி ஏப்ரல் 30 என்று இருந்து நாள் 60 என்று இருந்தால், 60தான். இரண்டில் எது முதலில் முடிகிறதோ அது. எல்லோரும் தேதியை மட்டும் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுகிறார்கள்.

அக்கா (பாரிஸ்): ஜூலையில் பிள்ளைக்கு மொட்டை போட அம்மா மறுபடி வர முடியுமா?

பெரியப்பா: அதற்கும் கோடு போட்டேன். இந்தச் செக்ரோல் ஒன்றாம் தேதி புதிதாகத் திறக்கிற செக்ரோல் இல்லை. எந்த நாளில் நிற்கிறாளோ அந்த நாளிலிருந்து பின்னால் 180 நாள் எண்ண வேண்டும். ஜனவரி 5ஆம் தேதிப் பேர் ஜூலை 4ஆம் தேதிதான் கழியும். அதற்கு அப்புறம் நாளுக்கு ஒன்றாகக் கழியும்.

தர்ஷி (கண்டி): பெரியமாமா, எங்கள் ஆபீசுக்கு வேலைக்கு வருகிறீர்களா? அண்ணி, ஜூலைக்கு நாள் கணக்கில் இடம் இருக்கும். ஆனால் விசா முடிந்திருந்தால் புதிதாகத்தான் போட வேண்டும்.

கொழும்பு மாமா: இரண்டொரு நாள் கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது? சீல் அடிப்பவன் அவசரத்தில் பக்கம் பார்ப்பதே இல்லை.

தர்ஷி (கண்டி): அப்பா, 2025 அக்டோபர் 12லிருந்து அங்கே கம்ப்யூட்டர் கணக்குக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். முகம், கைரேகை எடுத்து, உள்ளே வந்த நாளும் வெளியே போன நாளும் பதிகிறது. சீலுக்குப் பதிலாகவே அது. ஒரு நாள் கூடினாலும் தெரியும். அடுத்த விசாவுக்குப் போகும்போது அதுதான் முன்னால் வந்து நிற்கும்.

லண்டன் சித்தி: அக்காவை வைத்து விளையாட வேண்டாம் அண்ணே.

நான்: எப்போது போடலாம் தர்ஷி?

தர்ஷி (கண்டி): பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து போடலாம், குறைந்தது 15 நாள் முன்னால் போட்டே ஆக வேண்டும். இரண்டு விசாவையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்க வேண்டும் என்பதால் நமக்கு இப்போதே நேரம் குறைவு. லண்டன் முதலில், அது வந்த கையோடு பாரிஸ். ஷெங்கன் கட்டணம் 90 யூரோ, கிடைக்காவிட்டால் திரும்பி வராது. இரண்டு தடவையும் கைரேகைக்கு அத்தையே கொழும்புக்கு வர வேண்டும். அத்தான், முந்தின நாளே கூட்டிப்போய் அப்பா வீட்டில் தங்க வையுங்கள். ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி நேராகப் போனால் அத்தைக்குக் கை நடுங்கும். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனி தேய்ந்தவர்களுக்கு மெஷினில் ரேகை லேசில் விழாது. ஆறுதலாக, ஈரமில்லாமல் வைக்க வேண்டும்.

சனி, காலை 9.30

அம்மா: (குரல் செய்தி, 38 வினாடி)

நான்: அம்மா சொல்கிறார்: 17ஆம் தேதி வரை எல்லாம் முடியாதாம். ஏப்ரல் 14 புதுவருடம், கோயிலில் பொங்கல் வைப்பது நம்ம வீட்டு முறையாம். ஏப்ரல் 10ஆம் தேதி பாரிஸில் ஏறுவது போல டிக்கெட் போடச் சொல்கிறார். அப்புறம், தேயிலைத் தூள் எத்தனை கிலோ கொண்டுவரட்டும் என்று அக்காவிடம் கேட்கச் சொன்னார்.

அக்கா (பாரிஸ்): இரண்டு கிலோ. பிஓபி ரகம். டஸ்ட் ரகம் வேண்டாம் என்று சொல்.

பெரியப்பா: 10ஆம் தேதி என்றால் 83 பேர். 7 மிச்சம்.