ஒன்பது பேருக்குக் கம்மஞ்சோறு: பக்குவம் சொல்லுங்க

கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்து அக்காமார், அண்ணன்மார் யாராவது இதைப் பார்த்தா பதில் போடுங்க.

நாங்க ஒன்பது பேர் மாசம் ஒரு ஞாயிறு ஒருத்தர் வீட்டில் கூடி, படிச்ச புத்தகத்தைப் பத்திப் பேசுவோம். மதியச் சாப்பாடு அந்த வீட்டுச் சமையல்தான். இந்த முறை எங்க வீடு. புத்தகம் கி.ரா. (கி. ராஜநாராயணன்) எழுதின 'கோபல்லபுரத்து மக்கள்' நாவல், 1991-இல் சாகித்திய அகாதமி விருது வாங்கினது. கோவில்பட்டி பக்கத்து இடைசெவல்காரர் அவர்; அவர் எழுத்தைப் படிச்சிட்டுச் சாம்பார் சாதம் போட மனசு வரலை.

போன வாரம் செஞ்சு பார்த்தேன். கம்பில் தண்ணி தெளிச்சுப் பிசறி வச்சு, மிக்சியில் விட்டு விட்டு ஓட்டினேன். பாதி மாவாப் போச்சு, மீதிக்கு உமியே போகலை. சோறு களி மாதிரி இறுகி, தொண்டையில் உமி குத்துச்சு. எங்க ஆச்சி உரலில் குத்தி, சுளகில் புடைச்சு, குருணையை முதல்ல உலையில் போட்டு, மாவை அப்புறம் கரைச்சு ஊத்துவா. பார்த்திருக்கேன், அளவு கேட்டு வச்சுக்கலை. இப்போ ஆச்சி இல்லை.

உரல் இல்லாம உமி நீக்க வழி உண்டா? கடையில் விக்கிற உடைச்ச கம்பு அந்த ருசி தருமா? ஒன்பது பேருக்கு எவ்வளவு போடணும்? தொட்டுக்கக் கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். ரெண்டு பேர் சைவம், அவங்களுக்குக் கானத்துவையல் (கொள்ளுத் துவையல்) போதுமா?

இன்னொண்ணு. போன கூட்டத்தில் சாப்பிட்டுட்டுப் பேச உட்கார்ந்தோம். எல்லாருக்கும் கண்ணு சொக்கி, நல்ல நாவல் அரைமணியில் முடிஞ்சு போச்சு. ரொம்ப வருத்தமா இருந்துச்சு. பேசி முடிச்சுட்டுச் சாப்பிடலாமா? இப்படிக் கூடிப் படிக்கிறவங்க சொல்லுங்க. ஞாயிறுக்கு நாலு நாள்தான் இருக்கு.