ஓடையில் சருகு மக்காவிட்டால் பழி பூச்சிமருந்துக்கா?

வலைக்கண்: ஜெர்மனியில் 2018, 2019 ஆண்டுகளில் வயலோரச் சிற்றோடைகளைக் கண்காணித்ததில், 81 சதவீத ஓடைகளில் ஏதாவதொரு பயிர் மருந்து சூழல் வரம்பைத் தாண்டியிருந்தது. சருகைக் கடித்துத் தின்னும் காம்மரஸ் (இறால் போன்ற சிற்றுயிர்), காடிஸ் ஈப் புழு (நீரில் வளரும் பூச்சிப் புழு) இரண்டுக்கும் பூச்சிக்கொல்லி ஆகாது. அவை போனால் சருகு தேங்கத்தான் செய்யும்.

எதிர்க்கரை: வரம்பு மீறல் ஒரு சேதி, சருகு தேங்குவது இன்னொரு சேதி. இரண்டுக்கும் நடுவே முடிச்சு எங்கே? வயலோரம் நிழல் மரம் இல்லை, மண் அரித்து வந்து சருகை மூடுகிறது. இது போதாதா?

வலைக்கண்: முடிச்சு அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள கொவீட்டா காட்டில் கிடைத்தது. 1980-இல் அங்கே ஒரு சிற்றோடையில் மெத்தாக்ஸிகுளோர் என்ற பூச்சிக்கொல்லியை விட்டார்கள். பூச்சிப் புழுக்கள் கொத்தாக மிதந்து போயின. சருகு மக்குவது மந்தமானது, கீழே போகும் நுண்துகளும் குறைந்தது. காட்டு ஓடை என்பதால் உரம், உழவு என்று வேறு சாக்குச் சொல்ல வழியில்லை.

எதிர்க்கரை: கொல்லவென்றே ஊற்றிய அளவு அது. வயலில் இருந்து வருவது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கு. இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லியை டாஃப்னியா (நீர்த்தெள்ளு) லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் வரை தாங்குகிறதே?

வலைக்கண்: டாஃப்னியா பூச்சியே இல்லையே! மே ஈப் புழுவுக்கு அதே மருந்து லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவிலேயே ஆபத்து. மாதம் ஒரு நாள் தண்ணீர் மொண்டு வந்தாலும் பிடிபடாது. மழையில் நீர்மட்டம் ஏறும்போது தானாக எடுக்கும் கருவி வேண்டும்.

சருகுப்பை: இரண்டு பேரும் அளக்கும் முறையைத் தொடவே இல்லை. சருகை வலைப் பையில் கட்டி ஓடையில் போட்டு, எவ்வளவு மிஞ்சியது என்று நிறுப்பதுதான் முறை. ஆல்டர் மர இலை 3 கிராம், காய்ந்த எடை. ஒரு பை 5 முதல் 10 மில்லிமீட்டர் கண், இன்னொன்று 0.5 அல்லது அதற்கும் சிறிய கண். பெரிய கண்ணில் சருகுதின்னிகளும் நுழையும்; சிறு கண்ணில் பூஞ்சையும் பாக்டீரியாவும் மட்டும் வேலை செய்யும். 28 நாள் கழித்துக் கழுவி, 60 டிகிரியில் உலர்த்தி, 500 டிகிரியில் எரித்துச் சாம்பலைக் கழிக்க வேண்டும். ஒட்டிய வண்டலையும் இலையாக நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. முதல் ஓரிரு நாளில் கரைந்து போகும் சாறுக்கும் தனிப் பை வைக்காவிட்டால் தொடக்க எடையே பொய்.

கணக்குக்கு ஒன்று வைத்துக்கொள்வோம். வயலுக்கு மேலே பெருங்கண் பையில் மீதி 1.2 கிராம், மக்கும் வேகம் நாளுக்கு 0.033 (மீதியிருப்பதில் குறையும் பங்கு). சிறுகண் பையில் 2.1 கிராம், வேகம் 0.013. வயலுக்குக் கீழே சிறுகண் அதே 2.1, பெருங்கண் 1.8 (வேகம் 0.018) என்றால், அடி வாங்கியது தின்னிகள். சிறுகண் பையிலும் வேகம் குறைந்தால் பூஞ்சைக்கொல்லியைத் தேடுங்கள்.

எதிர்க்கரை: வெள்ளம் பெருங்கண் பையைக் கிழித்துக் கொட்டினால்? அதுவும் தின்னியின் கணக்கில்தானே ஏறும்?

சருகுப்பை: ஏறும். அதனால்தான் பைக்குள் இருக்கும் உயிர்களை எண்ண வேண்டும். இன்னொரு வம்பு உரம்: நைட்ரேட் கூடினால் நுண்ணுயிர் வேகமெடுக்கும். தின்னிகள் செத்தும் பெருங்கண் பை சாதாரணமாகவே தெரியும். ஒற்றைப் பை வைத்து 'ஓடை நலம்' என்று தவறாக எழுதிவிடுவது இதனால்தான்.

எதிர்க்கரை: சரி, வித்தியாசத்தைப் பார்க்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி வண்டலில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு எந்த மருந்து என்று கை காட்டாதீர்கள்.

வலைக்கண்: வண்டலையும் எடுப்போம். மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம், ஒரே சரிவு, ஒரே நிழல். அப்படி ஒரு ஜோடியைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.