கருப்பட்டித் தொதல் கிளறித் தர ஆள் தெரியுமா?

அஸ்ஸலாமு அலைக்கும். காக்காமாரே, ராத்தாமாரே, ஒரு உதவி. கீழக்கரையில கருப்பட்டி போட்டு, விறகடுப்புல தொதல்ங்கிற அல்வா மாதிரி இனிப்பைக் கிளறித் தர்றவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. எங்க உம்மாவுக்கு அதுன்னா உயிர். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் இறுகி, எண்ணெய் பிரிஞ்சு, சட்டியில ஒட்டாம சுருண்டு வர்ற வரைக்கும் மணிக்கணக்கா கிளறணும். கை வலிக்குதுன்னு கொஞ்சம் விட்டாலும் அடிப்பிடிச்சிரும். உம்மாவுக்கு இப்ப அந்தத் தெம்பு இல்லை.

போன மாசம் ஒரு கடையில வாங்கினேன். தித்திப்பு மட்டும்தான் இருந்துச்சு, அந்தக் கறுப்பும் கருப்பட்டி மணமும் இல்லை. ஒரு வாய் வச்சுட்டுத் தட்டைத் தள்ளிட்டாங்க. மனசுக்குக் கஷ்டமா போச்சு.

2 கிலோ வேணும். ஓலைப்பெட்டியில வச்சுத் தந்தா உம்மா ரொம்ப சந்தோஷப்படுவாங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நானே நேர்ல வந்து வாங்கிக்கிறேன்.