பிள்ளைகளுக்கு நாய்க்கடி, பூனைக்கடி, குரங்குக்கடி: மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பக்கம் பார்ப்பவை

தோட்ட டிரெசர் (தோட்டக் கிளினிக்கின் மருத்துவ உதவியாளர்):
லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) பிள்ளையை நாய் கடித்தால் முதலில் ஓட வேண்டியது பைப்படிக்கு. கிளினிக் அதற்கப்புறம்தான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். வெறிநோய் (ரேபிஸ்) கிருமிக்குக் கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதை உடைக்கும், தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். வாளியில் மொண்டு ஊற்றினால் அந்த வேகம் வராது. இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மடியில் வைத்துப் பிடிக்க, ஒருவர் கழுவ. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். அதைச் சுரண்டி எடுக்கையில் பிள்ளை மறுபடியும் துடிக்கும், காயத்தின் ஆழமும் தெரியாது. கையில் கடி என்றால் காப்பு, மோதிரம், மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மிஸ்ஸி (நர்ஸ்):
ஐயா சொன்னது சரி. இன்னொன்று, உடுப்பைக் கழற்றி உடம்பு முழுக்கப் பாருங்கள். அடிக்குப் பயந்து பிள்ளை ஒரு கடியைத்தான் காட்டும், முடிக்குள் இன்னொன்று இருக்கும். சின்னப் பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் தலை, முகம், கழுத்தில்தான் அதிகம் படுகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தலையில் பல் பதிந்திருந்தால் மண்டையோடு துளைபட்டிருக்கலாம். தலையை ஸ்கேன் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பூனைக்கடி ஊசி குத்தியது போலச் சின்னதாகத் தெரியும், ஆனால் ஆழம். 12 மணி நேரத்திலேயே சிவந்து வீங்கிவிடும். அதனால்தான் கை, முகக் கடிக்கு ஆண்டிபயாட்டிக்கை முன்கூட்டியே கொடுக்கிறார்கள். "ஏன் தைக்கவில்லை?" என்று பெற்றோர் கோபப்படுகிறார்கள். முகக் காயத்தை நன்றாகக் கழுவித் தைப்பதுண்டு. கைக்காயத்தைத் தைத்து மூடினால் சீழ் உள்ளே தங்கிவிடும், அதனால் பெரும்பாலும் திறந்தே விடுவார்கள். தடுப்பூசிப் புத்தகத்தை மறக்காமல் கொண்டு வாருங்கள். ஆழமான, அழுக்கான காயத்துக்குக் கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் இன்னொன்று போடுவார்கள்.

பிள்ளைகள் வார்டு டாக்டர்:
வெறிநோய் இங்கே இல்லை என்று பழைய நினைப்பில் இருக்கிறோம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வந்தது. 2017-இல் சரவாக்கில் பிள்ளைகளே இறந்தார்கள். வீட்டு நாயென்றால் 10 நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். அதைக் கொன்றுவிட்டால் அந்த வழியே அடைபட்டுப்போகும். ஆள் தெரியாத தெருநாய் என்றால் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். தேவை என்றால் நாய் கிடைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஊசியைப் பொதுவாக 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 14 ஆகிய நாள்களில் போடுவார்கள், சில முறைகளில் 28ஆம் நாளும் உண்டு. இரண்டு வயதுக்குள் தொடையின் முன்-வெளிப்பக்கத்தில். பெரிய பிள்ளைக்கு மேற்கையில். பிட்டத்தில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கி, எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாகாது. தோல் கிழிந்த கடிக்கு இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பு மருந்து) வேண்டும். மனித இரத்தத்திலிருந்து எடுத்த வகை என்றால் கிலோவுக்கு 20 யூனிட்: 15 கிலோ பிள்ளைக்கு 300. இதில் முடிந்த அளவு காயத்துக்குள்ளும் சுற்றிலும் இறங்க வேண்டும். பல கடிகள் இருந்து மருந்து எல்லாவற்றுக்கும் எட்டவில்லை என்றால் அளவைக் கூட்டக் கூடாது; சலைனில் (உப்பு நீரில்) கலந்து பரப்ப வேண்டும். இம்யூனோகுளோபுலின் முதல் நாளில் விட்டுப்போனால் முதல் ஊசியிலிருந்து 7 நாளுக்குள் போடலாம். அதன் பின் வேண்டியதில்லை.

தோட்ட டிரெசர்:
குரங்கு கடித்தாலும் பிறாண்டினாலும் அதே 15 நிமிடம்தான். எச்சில் கண்ணில் தெறித்தால் கண்ணையும் கழுவுங்கள். டாக்டரிடம் "குரங்கு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். குரங்கிடமிருந்து தொற்றக்கூடிய ஹெர்பிஸ் பி என்ற கிருமிக்கு வேறு மாத்திரை யோசிக்க வேண்டியிருக்கும், நாய்க்கடி மருந்து அதற்கு உதவாது.