பெல்லட் கிரில்லுக்கு டைமர் கன்ட்ரோலரா, பிஐடியா? அனுபவம் சொல்லுங்கள்

கூத்தாநல்லூர்:
மச்சான் அமெரிக்காவிலிருந்து ஊரோடு வந்தபோது கொண்டுவந்த பெல்லட் கிரில் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்னத் துண்டுகளான பெல்லட்டை மோட்டார் தள்ள, அந்தத் தீயில் கறி சுடும் அடுப்பு) இப்போது எங்கள் கொல்லையில் நிற்கிறது. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மெஷின். ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டியாச்சு. அப்படியும் 'ஸ்மோக்' என்கிற குறைந்த சூட்டு செட்டிங்கில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தீ அணைந்துவிடும். காரணத்தைப் பிடித்தவர் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன். ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் இறக்கும், ஹெர்ட்ஸில் கை வைக்காது. நம் 50 ஹெர்ட்ஸில் பெல்லட் தள்ளும் ஏசி மோட்டார் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றுமாம்.

இதில் இருந்தது பழைய டைமர் கன்ட்ரோலர். ஸ்மோக்கில் அந்த மோட்டாரை 15 நொடி ஓட்டும், 65 நொடி நிறுத்தும். தீ இருக்கிறதா, பெல்லட் போதுமா என்ற கவலையே அதற்குக் கிடையாது. மோட்டார் நிற்கும் நேரத்தை மாற்றும் 'பி' செட்டிங்கை 2-லிருந்து 0-க்கு இறக்கியதும் அது 45 நொடியானது, தீயும் அணையாமல் எரிந்தது. ஆனால் மழைக்காற்று அடித்தால் மறுபடி அதே கதை.

அப்புறம் பிஐடி (சூட்டை அளந்து பார்த்து அதற்கேற்ப மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலர்) மாட்டினேன். சூடு இறங்க ஆரம்பித்த உடனே தானாகவே மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட்டுகிறது. 225 ஃபாரன்ஹீட் வைத்தால் (நம் கணக்கில் 107 டிகிரி) ஐந்து டிகிரி முன்னே பின்னேதான் இருக்கும். ஹெர்ட்ஸ் குறையையும் அதுவே சமாளித்துவிடுகிறது. ஒரே குறை, புகை வாசம் குறைவு. தீ சீராக எரிந்தால் புகை எங்கிருந்து வரும்? வாத்துக்கறிக்கு எனக்கு இன்னும் பழையதுதான் பிடிக்கும்; வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மயிலாடுதுறை:
பாய், இந்த ஊருக்கு அதைவிட முக்கியம் கரண்ட் கட். நடுவில் போனால் மோட்டாரும் ஃபேனும் நின்றுவிடும், கங்கு மட்டும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அது பின்னோக்கிப் பரவி ஹாப்பர் (பெல்லட் கொட்டிவைக்கும் தொட்டி) வரை போகலாம். கரண்ட் வந்ததும் சில கன்ட்ரோலர் தானே கிளம்பும், சில அணைந்தே கிடக்கும். வாங்கும்முன் இதைக் கேளுங்கள். நான் இன்வெர்ட்டரில் போட்டுவிட்டேன். பற்றவைக்கும்போதுதான் 200, 300 வாட் இழுக்கும், பிறகு அவ்வளவு இல்லை. ஐப்பசி அடைமழையில் பெல்லட்டை ஹாப்பரில் விட்டுவைக்காதீர்கள். ஈரம் குடித்து ஊதி, மாவாய் உதிர்ந்து, குழாயில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். அதை எந்த பிஐடியும் தள்ளாது.

நாகப்பட்டினம்:
நானும் பிஐடிதான். கொடுவா போட்டபோது திடீரென்று சூடு தாறுமாறாக ஏறி இறங்கியது. கன்ட்ரோலரைத் திட்டிக்கொண்டே திறந்து பார்த்தால், சென்சார் கம்பி முழுக்கப் புகைக்கரி. கரி படிந்தால் சூடு அதற்கு எட்டத் தாமதமாகும், கன்ட்ரோலரும் தாமதமாகத்தான் முழிக்கும். துடைத்ததும் சரி. இன்னொன்று, பாய்லருக்கு விற்கிற மலிவு பெல்லட்டைச் சமையலுக்குப் போடாதீர்கள். அதில் என்ன மரம், என்ன பசை கலந்திருக்கும் என்று விற்பவருக்கே தெரியாது.