பக்கத்து வீட்டுச் சுவரோரம் காரை நிறுத்தலாமா?

வைகைக்கரை (கேள்வி):
மதுரையில் ஏறத்தாழ 20 அடி அகலமுள்ள தெரு ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வீட்டுக்குள் ஸ்கூட்டர் நிறுத்த மட்டுமே இடம் இருப்பதால், புதிதாக வாங்கிய காரை இரவில் தெருவில்தான் விட வேண்டியிருக்கிறது. தெருமுனை வீட்டுப் பெரியவர் தம் சுற்றுச்சுவர் நெடுகிலும் ‘இங்கு வாகனம் நிறுத்தக் கூடாது, மீறினால் காற்று பிடுங்கிவிடப்படும்’ என்று எழுதியிருப்பதோடு, சிமென்ட் நிரப்பிய பெயின்ட் டப்பாக்கள் இரண்டைச் சாலையிலேயே வைத்திருக்கிறார். அவரோடு சண்டையிட எனக்கு மனமில்லை; ஆயினும் அந்த இடத்தில் நிறுத்த எனக்கு உரிமை உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

சட்டம் படித்தவன்:
ஐயா, சுவர் அவருடையது. சுவருக்கு வெளியே உள்ள சாலை பொதுவுடையது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆம் பிரிவின்படி போக்குவரத்துக் குறியீடுகளை வைக்கும் அதிகாரம் அரசுக்கும் அது அனுமதித்த அமைப்புகளுக்கும்தான் உண்டு என்பதால், வீட்டுக்காரர் எழுதியதற்குச் சட்ட மதிப்பில்லை. டப்பாக்களை வைப்பதும் தவறு. காற்றைப் பிடுங்குவது அதைவிடப் பெரிய தவறு. ஆனால் அவருடைய கேட்டுக்கு எதிரே நிறுத்த உங்களுக்கும் உரிமையில்லை, அங்கே பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும். 2017-இல் வந்த வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகள் வீட்டு வாயில், நடைபாதை, பேருந்து நிறுத்தம், பள்ளி மற்றும் மருத்துவமனை நுழைவாயில் ஆகிய இடங்களில் நிறுத்துவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே நிற்கும் வண்டிக்கு நேரெதிரே நிறுத்துவதும் கூடாது. 20 அடித் தெருவில் இருபுறமும் கார் நின்றால் நடுவில் வழி மிகக் குறுகிவிடும். சந்திப்பின் ஓரத்திலிருந்து 50 மீட்டர் வரையிலும் தடை உண்டு. உங்கள் பெரியவரின் வீடு தெருமுனையில் இருக்கிறது என்கிறீர்கள். ஆகவே பலகை செல்லாவிட்டாலும் அந்த இடம் நிறுத்தத்தக்கதன்று.

மூன்றாவது தெரு:
50 மீட்டர் விதியை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால், நம் குறுக்குத் தெருக்கள் பலவற்றில் ஒரு வண்டிகூட நிற்க முடியாது. காவலர்களும் அந்த அளவுக்குப் பார்ப்பதில்லை.

தாழம்பூ:
காவலர் பார்ப்பதில்லை என்பதற்காக முனையில் நிறுத்தலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருமுனையில் வழக்கமாக ஒரு வேன் நிற்கும். சைக்கிளில் வந்த என் ஒன்பது வயது மகளுக்கு, முன்சக்கரம் பெரிய சாலைக்குள் நுழைந்த பிறகே வலப்புறம் தெரிந்தது; ஷேர் ஆட்டோ அந்தச் சக்கரத்தில் மோதி, மோவாயில் மூன்று தையல் போட்டோம். ஆட்டோக்காரர் வேகமாக வரவில்லை. அவருக்கும் குழந்தை தெரியவில்லை, அவ்வளவுதான். முழு 50 மீட்டரை விட முடியாத தெருவிலும், திரும்புகிறவரும் எதிரே வருகிறவரும் ஒருவரையொருவர் பார்க்கும் தொலைவையாவது காலியாக விடுங்கள்.

சட்டம் படித்தவன்:
இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வண்டியைப் பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளின்றி விட்டிருந்தால், 127-ஆம் பிரிவின் கீழ் அதை இழுத்துச் செல்லவோ சக்கரத்தில் பூட்டுப் போடவோ காவல் அதிகாரி உத்தரவிடலாம். இழுப்புச் செலவு உரிமையாளரைச் சேரும். இரவு எட்டு மணிக்கு நிறுத்திக் காலை ஏழு மணிக்கு எடுப்பவருக்கும் இது பொருந்தும். தெருவை நிரந்தரக் கார் ஷெட்டாக எண்ணக் கூடாது என்பதே என் கருத்து.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை அந்தச் சுவரோரம் நடந்து பார்த்தேன். முனையிலிருந்து கேட் வரை பதினான்கு எட்டுத்தான். பெரியவரிடம், அங்கே நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டு, டப்பாக்களை மட்டும் உள்ளே எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டேன், ஒன்றை எடுத்துவிட்டார். அடுத்த தெருவில் காலிமனை வைத்திருப்பவர் மாத வாடகைக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றாம் தேதி முதல் காரை அங்கே விடப் போகிறேன்.